முப்பத்தேழு பேருக்குச் சொல்ல வேண்டியது

தாரணிக்கு வந்த வினை நாச்சிமுத்துவின் முதுகில் தொடங்கியது.

கொங்குப் பக்கத்தில் இருந்த ஒரு நடுத்தரப் புற்றுநோய் மருத்துவமனையில் அவள் இயற்பியலாளர். யாருக்கு எவ்வளவு கதிர் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். அந்த அளவு உள்ளே போய்ச் சேர இயந்திரம் எத்தனை நேரம் ஓட வேண்டும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. 2043ஆம் வருடத்தில் அந்தக் கணக்கையும் உண்மையில் ஒரு மென்பொருள்தான் போட்டது. அதற்கு ஏழெட்டு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. யாருக்கும் அது வாயில் நுழையாததால் கதிரேசன் என்று கூப்பிட்டார்கள். செய்தி வாசிப்பவரைப் போலச் சுத்தமான தமிழில் பேசும். பொய் சொல்லத் தெரியாது.

பொய் சொல்லாமல் இருப்பது இரண்டு வருடமாகச் சட்டமாகவும் ஆகியிருந்தது. கதிர் கொடுப்பதற்கு முன், கணக்கு எப்படிப் போடப்பட்டது, எவ்வளவு தவறியிருக்கலாம் என்று நோயாளிக்கு அவருடைய மொழியில் சொல்லியாக வேண்டும். அவர் கேட்டுவிட்டுக் கையிலிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகே கரண்ட். நோயாளிகள் எல்லாரும் கதிர்ச் சிகிச்சையைக் ‘கரண்ட் வைக்கறது’ என்றுதான் சொன்னார்கள். கதிரேசன் தொண்டையைத் திறந்த உடனேயே பொத்தானை அழுத்திவிடுவதும் வழக்கமாகியிருந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஜனங்கள்.

நாச்சிமுத்து முப்பத்துமூன்று வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்காமல் கைநாட்டு வைத்தவர்கள் என்ன கதியானார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர். எழுபத்தொரு வயதில் புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்து, பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சிகிச்சைக்கு வந்திருந்தார். கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் கோடு போட்டு, கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். கதிரேசன் பேசியது.

“உங்கள் முதுகெலும்பின் மேல் இருபத்துநான்கு சென்டிமீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள செவ்வகத்துக்குக் கதிர் தரப்போகிறேன். என்னிடம் சதுரங்களுக்கே அட்டவணை உள்ளது. ஆகவே உங்கள் செவ்வகத்தை எட்டே கால் சென்டிமீட்டர் சதுரமாகப் பாவித்துக் கணக்கிட்டேன். இரண்டு சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். சம்மதமானால் பொத்தானை அழுத்துங்கள்.”

பொத்தான் விழவில்லை. ஆள் தூங்கிவிட்டார் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன் ஜமுனா நினைத்தாள். அப்போது ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

“அம்மிணி, இருபத்தி நாலையும் அஞ்சையும் பெருக்குனா நூத்தி இருபதுங்க. எட்டேகாலுக்கு எட்டேகால் அறுபத்தி எட்டுதான் வருது. மிச்சம் அம்பத்திரெண்டு எங்கீங்க போச்சு?”

இரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் கேட்டிருந்தார். தாரணி உள்ளே போய், கட்டிலில் முகம் வைக்கும் ஓட்டைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, அவருடைய மூக்கைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று.

“கல்யாண மண்டபத்துல மேடை மேல உக்காந்திருக்கீங்கன்னு வெச்சுக்குங்கய்யா. மண்டபம் சதுரமா இருந்தா நாலு பக்கத்துப் பேச்சும் மேடைக்கு வரும். ஒடுக்கமா நீளமா இருந்தா கடைசி வரிசையில பேசறது மேடைக்குக் கேக்காது. கதிரும் உடம்புக்குள்ள சிதறிச் சிதறித்தான் நடுவுக்கு வருதுங்க. ரெண்டு கோடியில சிதறுறது நடுவுக்கு வந்து சேராது. அதனால சின்னச் சதுரமா எடுத்துக்கறோம்.”

நாச்சிமுத்து யோசித்தார். நியாயம்தான் என்றார். பிறகு, இதே செவ்வகத்தை நெடுக்குக்குப் பதிலாகக் குறுக்கே போட்டால் என்ன வரும் என்று கேட்டார். அப்போதும் அதே எட்டே கால்தான் என்று தாரணி சொன்னாள். சொன்ன பிறகு ஒரு நொடி பேசாமல் இருந்தாள்.

இயந்திரத்தின் தலைக்குள் கனமான உலோகக் கதவுகள் இரண்டு ஜோடி உண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு ஜோடி நீளத்தை வெட்டும், மற்றது அகலத்தை வெட்டும். மேல் கதவில் பட்டுத் தெறிக்கும் கதிரும் கீழ்க் கதவில் பட்டுத் தெறிக்கும் கதிரும் ஒரே அளவு இல்லை. ஆகவே இருபத்துநான்குக்கு ஐந்தும், ஐந்துக்கு இருபத்துநான்கும் ஒன்றல்ல. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தாரணி பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆனால் ஐந்து சதவீதம் வரை தவறலாம் என்று விதி இருக்கும்போது, ஒன்றிரண்டு சதவீதத்துக்காக யார் மெனக்கெடுவது?

“நானு வரப்புல நின்னே வயசானவனுங்க,” என்றார் நாச்சிமுத்து, தரையைப் பார்த்தபடி. “ஒருத்தரு பதில் சொல்லிப்போட்டுக் கம்முனு நின்னாருன்னா, அங்க கல்லு நகந்திருக்குதுன்னு அர்த்தம். நீங்க அளந்துபோட்டுக் கூப்பிடுங்க. நான் வர்றேன்.”

தாரணி எவ்வளவோ சொன்னாள். டாக்டர் ஈஸ்வரமூர்த்தியே வந்து சொன்னார். நாச்சிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேருவார் என்ற நினைப்பு தாரணியைச் சாப்பிட விடவில்லை.

அன்று மாலை கடைசி நோயாளி போனதும் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிலருகே உருட்டி வந்தாள். உடம்புக்குப் பதிலாகத் தண்ணீர். அதற்குள் விரல் நுனியளவு அளவுகருவியை இறக்கி, செவ்வகம் செவ்வகமாக, நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தாள். மூன்று மாலைகள் ஆயின. ஜமுனா முணுமுணுத்துக்கொண்டே உடனிருந்தாள். நாச்சிமுத்துவின் கல் நகர்ந்துதான் இருந்தது, கிட்டத்தட்ட இரண்டு சதவீதம். தீர்வு சிறியது. நீளத்தையும் அகலத்தையும் சரிசமமாக நடத்தாமல், மேல் கதவு வெட்டும் பக்கத்துக்கு ஒரு எடை, கீழ்க் கதவு வெட்டும் பக்கத்துக்கு வேறு எடை. ஒரே ஒரு எண்ணைச் சேர்த்ததும் பிழை அரை சதவீதத்துக்குள் வந்து நின்றது. தாரணி அதைக் கதிரேசனுக்குக் கற்றுக் கொடுத்தாள். தன் மேலேயே அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து வந்து குப்புறப் படுத்து முழுவதையும் கேட்டார். அரை சதவீதம் என்றதும், “எங்க சர்வே சங்கிலியே அவ்வளவு இழுக்குமுங்க,” என்று பொத்தானை அழுத்தினார். பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். கடைசி வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் புதிய எண் கைக்கு வந்த அன்றே கதிரேசன், யாரும் கேட்காமல், ஒன்பது வருடமாக அந்த இயந்திரத்தில் கொடுத்த செவ்வகங்கள் அனைத்தையும் எடுத்து மறுபடி கணக்குப் போட்டுவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. கணக்குத் திருந்தினால் பழைய கணக்கையும் திருத்திப் பார்க்க வேண்டும். ஒன்றரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும். இயந்திரம் தெரிவிக்கக் கூடாது. கணக்கைத் திருத்தியவரே தம் குரலில் அறிவிப்பை வாசித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற சொல்லைப் பெற வேண்டும்.

அச்சடித்து வந்த தாளில் பெயர்கள் இல்லை, கோப்பு எண்கள் மட்டும். முப்பத்தேழு.

டாக்டர் ஈஸ்வரமூர்த்தி தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அவர். நோயாளிகளிடம் கவலைப்படாதீங்க என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைக் குணமாக்குகிறார் என்று ஊரில் பேச்சு. அன்றைக்கு அவருக்கே கவலை வந்திருந்தது.

“உன்ன யாரு தாரணி கரெக்டாக் கணக்குப் போடச் சொன்னது?” என்றார்.

பிறகு அமைதியாகத் தன் கட்சியை எடுத்துச் சொன்னார். மனிதன் மூச்சு விட்டாலே ஒரு சதவீதம் மாறும். இந்த இரண்டால் யாருக்கும் நோய் வந்ததும் இல்லை, போனதும் இல்லை. ஆனால் போன் வந்தால் பயம் வரும், பயத்துக்குக் கரண்ட் வைக்க முடியாது. இதே வகை இயந்திரம் மாநிலத்தில் இன்னும் பதினோரு இடத்தில் இருக்கிறது. அங்கிருக்கும் இயற்பியலாளர்களும் பரீட்சை எழுதியவர்கள்தான், ஒருவரும் அளந்து பார்க்கவில்லை, ஏன் என்று நினைக்கிறாய்? அளந்தால் போன் பண்ண வேண்டும். மேலும் முப்பது நாள் சோதனைக் காலம் இருக்கிறது. அதற்குள் புதிய எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் சட்டப்படி அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. இன்னும் இருபத்தொன்பது நாள்.

“தெரியாம இருந்த வரைக்கும் சரிங்க சார். இப்பத் தெரிஞ்சுபோச்சே,” என்றாள் தாரணி.

“தெரிஞ்சத மறக்கறதுக்குத்தான் பட்டன் வெச்சிருக்காங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தொந்தரவு. அவள் தன் அறைக்குப் போய், திரையில் ‘பழைய கணக்குக்குத் திரும்புக’ என்று எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அறிமுகமில்லாத முப்பத்தேழு பேரைக் கூப்பிட்டு, நான் போட்டது தப்பு என்று சொல்ல யாருக்குத்தான் ஆசை? அழுத்தியே இருப்பாள். அப்போது நாச்சிமுத்துவுக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. நாளைக் காலை கதிரேசன் மறுபடி இரண்டு சதவீதம் என்று சொல்லும். அவர் குப்புறப் படுத்தபடி ‘ஏனுங்க அம்மிணி’ என்று ஆரம்பிப்பார். முப்பத்தேழு பேரை எதிர்கொள்வதே மேல் என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் தினம் நாலைந்து பேராகக் கூப்பிட்டாள். கோப்பு எண்ணைத் தட்டினால் கதிரேசன் பெயரையும் போன் எண்ணையும் காட்டும்.

முதல் ஆள் மஞ்சள் வியாபாரி ராசப்பன். ஒன்று புள்ளி ஒன்பது சதவீதம் குறைவு. அறிவிப்பு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மிச்சத்தை எப்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். இப்போது அப்படித் தனியாகக் கொடுக்க முடியாது என்று தாரணி விளக்கினாள். அப்படியானால் குறைவு என்று ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்துவிடுங்கள், தேவைப்படும்போது காட்டி வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை எலிசபெத்துக்கு ஒன்று புள்ளி ஏழு கூடுதல். அவர் பாதியில் நிறுத்தி, ‘கதிர்கள் வழங்கப்பட்டது’ இல்லை, ‘வழங்கப்பட்டன’ என்று திருத்தி, அந்த வாக்கியத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். சட்டத்தின் வாசகத்தை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தாரணி சொன்னதும், அப்படியானால் அந்த வாக்கியத்தைத் தவிர மற்றதைக் கேட்டுக்கொண்டேன் என்றார்.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த ஒருவர் கூடுதல் என்றதும் மகிழ்ந்துபோனார். கொஞ்ச காலமாகத் தனக்கு அடிக்கடி கோபம் வருவதற்கு இதுதான் காரணம், என் வீட்டுக்காரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று போனை மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, கோபம் நிச்சயதார்த்தத்தன்றே இருந்தது, அதற்குப் பிறகுதான் கரண்ட் வைத்தார்கள் என்று வரிசைப்படுத்திச் சொன்னாள்.

எல்லாமே சிரிப்பாகப் போய்விடவில்லை. ஒரு பெண் அறிவிப்பின் இரண்டாவது வரியிலேயே அழ ஆரம்பித்தாள். தாரணி அவளை வரவழைத்து, ஸ்கேன் எடுக்க வைத்து, ஒன்றும் இல்லை என்று காட்டினாள். அதற்கும் அழுதாள். டாக்டர் சொன்னது சரிதான் என்று அன்று தாரணிக்குத் தோன்றியது.

முப்பத்தொன்றாவது எண் ருக்குமணி என்று காட்டியது. போனை எடுத்தவர் அவருடைய கணவர் சுப்பராயன், விசைத்தறிக்காரர். பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. ருக்குமணி இறந்து மூன்று வருடம் ஆகிறது என்றார். இறந்தவர்கள் வீட்டாருக்கும் வாசிக்க வேண்டும் என்று சட்டம். தாரணி வாசித்தாள். ஒன்றே முக்கால் சதவீதம் குறைவு. தறிச் சத்தம் நின்றது.

“அந்த ஒண்ணேமுக்கா இருந்திருந்தா, இருந்திருப்பாளுங்களா?”

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. “இருந்திருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கறேங்க. ஆனா உறுதியாத் தெரியலீங்க,” என்றாள்.

 பிறகு, தானும் ஒன்று கேட்க வேண்டும் என்றார். தறிக்குப் பாவு நூல் ஏற்ற வேண்டியிருந்ததால் இரண்டு நாள் அவளைச் சிகிச்சைக்குக் கூட்டி வரவில்லை. அந்த இரண்டு நாள் எத்தனை சதவீதம்?

தாரணி கோப்பைத் திறந்தாள். இருபத்தைந்து நாளில் இரண்டு நாள் விடுபட்டிருந்தது. அதே வாரக் கடைசியிலும் அடுத்த வாரத்திலும் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று கொடுத்து அதை ஈடுகட்டியிருந்தார்கள். அந்த நாட்கள் நினைவிருக்கிறதா என்று அவரைக் கேட்டாள்.

“நெனப்பிருக்குதுங்க. நாள் முச்சூடும் வராந்தாவுலயே ஒக்காந்திருந்தம். எதுக்குன்னு ஆரும் சொல்லல. லேட்டா வந்ததுக்குத் தண்டனையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.”

“தண்டனை இல்லீங்க. விட்டதைச் சேத்தாங்க. உங்களால குறைஞ்சது ஒண்ணுமே இல்லீங்க. குறைஞ்சது எங்களாலதான், ஒண்ணேமுக்கால்.”

“எம்மேல ஒண்ணுமில்லீங்களா?”

“இல்லீங்க.”

அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. மூன்று வருடமாகப் பாவு ஏற்றும்போதெல்லாம் அந்த இரண்டு நாளையே எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு தாரணி நினைவூட்டாமலேயே, கேட்டுக்கொண்டேன் என்றார். தப்பு உங்கள் பக்கம் என்பதற்காக மனசை விட்டுவிடாதீர்கள் அம்மிணி, மனுசன் போடுகிற கணக்குத்தானே என்று ஆறுதலும் சொல்லிவிட்டு வைத்தார். தாரணி அன்று வேறு யாரையும் கூப்பிடவில்லை.

மறுவாரம் எதிர்பாராத தொல்லை வந்தது. போன் வராதவர்கள் வர ஆரம்பித்தார்கள். ராசப்பன் மண்டியெல்லாம் போய்த் தன்னுடைய ஒன்று புள்ளி ஒன்பதைச் சொல்லியிருந்தார். எங்களுக்கு மட்டும் ஏன் கூப்பிடவில்லை, நாங்களும் இங்கேதானே கரண்ட் வைத்தோம் என்று வராந்தாவில் வரிசை நின்றது. உங்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது என்று சொன்னால் ஏமாற்றத்தோடு போனார்கள்.

கடைசிக் கோப்பு எண்ணை ஒரு வியாழக்கிழமை மதியம் தட்டினாள். அவினாசியப்பன், தோள்பட்டையில் கட்டி, ஆறு வருடத்துக்கு முன். தாரணி இங்கே வேலைக்குச் சேர்வதற்கும் இரண்டு வருடம் முந்தையது. ஒன்று புள்ளி ஆறு சதவீதம் குறைவு. எண்ணை அழைத்தாள்.

பக்கத்து அறையில் போன் அடித்தது.

தற்செயல் என்று நினைத்து வைத்தாள். அங்கேயும் நின்றது. மறுபடி அழைத்தாள். மறுபடி அடித்தது. அவள் எழுந்து போய் டாக்டர் ஈஸ்வரமூர்த்தியின் அறைக் கதவைத் தள்ளியபோது, அவர் மேசை மேல் அதிர்ந்துகொண்டிருந்த இரண்டாவது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவினாசியப்பன் எங்கப்பா பேரு,” என்றார். “அந்தப் பேருல படுத்தது நானு. உக்காரு. கூடவா, கம்மியா?”

“கம்மிங்க சார்.”

“எவ்வளவு?”

“நான் முதல்லருந்து வாசிக்கோணுங்க சார்.”

“வாசி.”

அவள் வாசித்தாள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும், முப்பத்தாறு பேரும் சொன்ன அதே சொல்லைச் சொன்னார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை. பிறகு, இதற்குப் பத்தியம் ஏதாவது உண்டா என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் டாக்டர் என்பது அவருக்கு நினைவு வந்ததுபோல் இருந்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

ஆறு வருடமாகத் திரும்பி வரவில்லையே, நல்லபடியாகத்தானே இருக்கிறது என்றாள் தாரணி. அதையேதான் தானும் தினம் காலையில் தோளைத் தடவிப் பார்த்துச் சொல்லிக்கொள்வதாக அவர் சொன்னார். அந்தத் தாளில் இருபதாவது வரியைப் பார்த்ததும் கோப்பு எண் அடையாளம் தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்கத்தான் பயம். தாரணி கடைசி எண்ணுக்கு எப்போது வருவாள் என்று இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை.

“இருபதாவது வரியாச்சே சார், கடைசியா எப்படி வந்துச்சு?” என்றாள்.

“நாந்தான் ஜமுனாகிட்டச் சொல்லிக் கீழ தள்ளி வெச்சேன்.”

ஆக, ஜமுனாவுக்குத் தெரியும். விசாரித்தால், வாசலில் இருக்கும் காவலாளி வரைக்கும் தெரியும். தாரணிக்கு மட்டும்தான் தெரியாது.

“மத்த பதினோரு ஆஸ்பத்திரிக்கும் உன் கணக்க இன்னிக்கே அனுப்பீரு,” என்றார் டாக்டர்.

“அவங்களும் போன் பண்ண வேண்டி வருங்க சார்.”

“பண்ணட்டும். உள்ளுக்குள்ளயே வெச்சுட்டு இருக்கறத விட இது லேசு.”

அவள் எழுந்தாள். அவர் கை காட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது வீட்டுலயும் சொல்லோணுமா? சட்டப்படி?”

“சட்டப்படி இல்லீங்க சார். மேடம்கிட்ட ஒண்ணு புள்ளி ஆறுன்னு சாதாரணமாச் சொல்லீருங்க. பயப்பட மாட்டாங்க.”

“ஒண்ணு புள்ளி ஆறு அப்பறம் தாரணி. அவளுக்குக் கட்டியே தெரியாது.”

அறுவைச் சிகிச்சைக்குப் போனபோது டெல்லியில் மாநாடு என்று சொல்லியிருக்கிறார். கரண்ட் வைத்தது தினம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பத்து நிமிடம், இங்கேயே. தோளில் தோல் கறுத்ததற்கு ஷட்டில் ஆடியதில் வெயில் என்று விளக்கம். ஷட்டிலை உள்ளரங்கத்தில்தான் ஆடுவார்கள் என்று அந்த அம்மாள் அப்போதே ஒரு முறை சந்தேகப்பட்டிருக்கிறார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாரணியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், உனக்குத்தான் இப்போது பழக்கமாகிவிட்டதே, நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறாயா என்று கேட்டார்.

“கணக்குத் தப்புக்கு மட்டும்தான் சார் நான்,” என்றாள் தாரணி.

அவர் தலையாட்டினார். மேசையிலிருந்த முதல் போனை எடுத்தார், வைத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி எடுத்தார். தாரணி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வராந்தாவில் போன் வராதவர்கள் ஆறேழு பேர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அவர்களைக் கையமர்த்திவிட்டு அவள் ஒரு கணம் கதவருகிலேயே நின்றாள்.

உள்ளே டாக்டரின் குரல் கேட்டது.

“ராதாமணி, நீ இப்ப உக்காந்திருக்கறயா? இல்ல, முதல்ல உக்காரு. ஒண்ணு வாசிக்கோணும்.”